ஸ்பால்ட்: பழ ஈயின் பறக்கும் தசையை ஒரே மரபணுவா தீர்மானிக்கிறது?

கயல் (ஞாயிறு, இரவு 9:40)

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வருகிற வியாழக்கிழமை எனக்கு செமினார். எடுத்திருப்பது 2011இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வுத்தாள். ஜெர்மனியில் மார்ட்டின்ஸ்ரீட் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் ஃபிராங்க் ஷ்னோரர் குழு செய்த வேலை. முதல் ஆசிரியர் கொர்னீலியா ஷோன்பாவர்.

விஷயம் இதுதான். பழ ஈயின் பறக்கும் தசையில் ஸ்பால்ட் மேஜர் என்ற படியெடுப்புக் காரணியை (மற்ற மரபணுக்களை முடுக்கவோ அடக்கவோ செய்யும் புரதம்) இல்லாமல் செய்தால், அந்தத் தசை கால் தசை மாதிரி ஆகிவிடுகிறது. கால் தசையில் அதே காரணியை வலிய உண்டாக்கினால், கால் தசை பறக்கும் தசை மாதிரி ஆகிவிடுகிறது. படித்தவுடன் புல்லரித்துப் போய், முதல் ஸ்லைடில் "பறக்கும் தசையின் தலைமை மரபணு" என்று தலைப்பு வைத்துவிட்டேன். கைடு பார்த்துவிட்டு, "இந்த ஒரு வார்த்தைக்காகவே உன்னைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள்" என்றார். ஏன் என்று சொல்லவில்லை, அவருக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அந்த வார்த்தையில் என்ன தப்பு? யாராவது சொல்லுங்களேன்.

ஈக்கூட்டுக்காரன் (ஞாயிறு, இரவு 10:15)

நல்ல தாள் எடுத்திருக்கிறீர்கள். ஆறு வருடம் ஈ வளர்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: வார்த்தைக்குப் போகுமுன் தசையைப் பாருங்கள். நம் ஆட்கள் நேரே மரபணுவுக்குத் தாவிவிடுகிறார்கள்.

ஈயின் மார்பைக் குறுக்காக வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் உள்ளே கிட்டத்தட்ட எல்லாமே தசைதான். நடுக்கோட்டின் இரு பக்கமும் நீளவாக்கில் ஆறு ஆறு தடித்த தசைநார்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளம். அவற்றை ஒட்டி மேலிருந்து கீழாக ஓடும் இன்னொரு தொகுதி. இரண்டும் சிறகோடு நேராக இணையவில்லை. மார்புக் கூட்டை அமுக்கி விடுவிப்பதால் சிறகு அசைகிறது. அதனால்தான் மறைமுகப் பறத்தல் தசை என்று பெயர்.

இந்தத் தசையில் ஒவ்வொரு நுண்ணிழையும் தனித்தனி உருளையாக, கட்டுக்குள் வைத்த ஊதுபத்திகள் மாதிரி நிற்கும். இடையிடையே மைட்டோகாண்ட்ரியா நெருக்கியடித்துக் கிடக்கும், உட்கருக்களும் அங்கங்கே சிதறியிருக்கும். இதுதான் நுண்ணிழைத் தசை. கால் தசை அப்படி இல்லை. உட்கருக்கள் நடுவில் ஒரே வரிசையில் நிற்கும். சுற்றிலும் நுண்ணிழைகள் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டி, கோடுகள் எல்லாம் ஒரே நேரில் அமைந்திருக்கும். இது குழல் தசை.

ஸ்பால்ட்டை எடுத்துவிட்டால் மார்பில் தசை காணாமல் போவதில்லை. இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கிறது, உள்கட்டுமானம் மட்டும் குழல் தசைக்கு மாறிவிடுகிறது. ஈ பிறக்கும், நடக்கும், பறக்காது. முழுத் தாளிலும் எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

மோட்டார் மெக்கானிக் (ஞாயிறு, இரவு 10:52)

உயிரியல் நமக்கு வராது, வேடிக்கை பார்க்க வந்தேன். ஆனால் ஒரு சந்தேகம். பறக்கும் தசை வேறு, நடக்கும் தசை வேறு என்று ஏன் இரண்டு வகை? ஒரே இன்ஜினை வேகமாக ஓட்டினால் போதாதா?

ஈக்கூட்டுக்காரன் (ஞாயிறு, இரவு 11:20)

போதாது. பழ ஈ நொடிக்குச் சுமார் 200 தடவை சிறகடிக்கிறது. நம் கை கால் தசை மாதிரி என்றால் ஒவ்வோர் அடிக்கும் நரம்பிலிருந்து ஒரு துடிப்பு வர வேண்டும். கால்சியம் தசைக்குள் பரவி, தசை சுருங்கி, கால்சியத்தைத் திரும்ப உறிஞ்சி, மறுபடி தொடங்க வேண்டும். இத்தனையும் 5 மில்லி நொடிக்குள் நடக்காது. ஈயின் அந்தத் தசைக்கு நரம்பிலிருந்து வருவது நொடிக்கு ஏறக்குறைய 5 துடிப்புதான்.

மோட்டார் மெக்கானிக் (ஞாயிறு, இரவு 11:24)

5 எங்கே, 200 எங்கே! கியர்பாக்ஸ் இருக்கிறதா உள்ளே?

பழைய வாத்தியார் (திங்கள், காலை 5:50)

கியர்பாக்ஸ் இல்லை தம்பி. மரம் அறுக்கும் பட்டறையில் இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து இழுக்கும் ரம்பம் பார்த்திருப்பீர்கள். ஒருவன் இழுக்கும்போது மற்றவன் கை நீள்கிறது. நீண்ட கை தன்னால் திருப்பி இழுக்கிறது. ஈயின் இரண்டு தசைத் தொகுதிகளும் அப்படித்தான். நீளவாக்குத் தசை சுருங்கினால் மார்புக் கூடு வளைந்து மேல்கீழ்த் தசை இழுபடுகிறது. இழுபட்ட தசை சற்றே தாமதித்து விசையோடு சுருங்குகிறது, அப்போது முதல் தசை இழுபடுகிறது. நரம்புத் துடிப்பின் வேலை கால்சியம் அளவு இறங்காமல் பார்த்துக்கொள்வது மட்டுமே. அறுக்கிறவர்களுக்கு அவ்வப்போது டீ கொடுப்பது போல.

நரம்புத் துடிப்பும் சுருக்கமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் ஓடுவதைப் பிரிங்கிள் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1949இல் விரிவாக எழுதினார். கொசு, தேனீ, வண்டு எல்லாம் இந்த வகை. தும்பியும் பட்டாம்பூச்சியும் பழைய முறையில் துடிப்புக்கு ஓர் அடி. தும்பி மெதுவாக அடித்தும் எவ்வளவு அழகாகப் பறக்கிறது என்பது வேறு கதை, அதற்குள் போனால் நான் பள்ளிக்கூடத்தை நினைத்துக் கிளம்பிவிடுவேன்.

ஆக, இழுத்தால் உடனே விறைத்துத் திருப்பி இழுக்கும் குணம் இந்தத் தசைக்கு வேண்டும். தொளதொளவென்று நீளும் தசை உதவாது. அந்த விறைப்பை ஏற்பாடு செய்வதில்தான் கயல் சொல்கிற ஸ்பால்ட் வருகிறது.

கயல் (திங்கள், காலை 8:05)

சார், ரம்பத்தை அப்படியே ஸ்லைடில் போடப் போகிறேன், அனுமதி உண்டுதானே?

சரி, இப்போது என் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. இவ்வளவு சிக்கலான தசையை ஒரே மரபணு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திருப்ப முடிகிறது என்றால், அது தலைமை மரபணு இல்லாமல் வேறென்ன?

எதிர்க்கேள்வி (திங்கள், காலை 9:31)

உங்கள் கைடு சொன்னது சரி. நான் செமினாரில் உட்கார்ந்திருந்தால் மூன்று கேள்வி கேட்பேன்.

ஸ்பால்ட்டுக்கு மேலே யார்? அதே தாளிலேயே பதில் இருக்கிறது: வெஸ்டிஜியல். அது இல்லாவிட்டால் அந்தத் தசையில் ஸ்பால்ட் வருவதே இல்லை. சிறகு குட்டையாகப் போன ஈயை வைத்துப் பெயர் வைத்த அதே பழைய மரபணு. அடுத்த வருடம், 2012இல், அமெரிக்காவில் கிரிப்ஸ் குழு எக்ஸ்ட்ராடென்டிக்கிள், ஹோமோதோராக்ஸ் என்ற இரண்டும் ஸ்பால்ட்டுக்கு மேலே உட்கார்ந்திருப்பதைக் காட்டியது. தலைவருக்கு மேலே இத்தனை பேர் இருந்தால் அவர் என்ன தலைவர், தாசில்தார்!

அடுத்தது, கீழே யார்? 2014இல் கிரிப்ஸ் குழுவும் 2015இல் ஷ்னோரர் குழுவும் அரெஸ்ட் என்ற புரதத்தைக் காட்டினார்கள். புரூனோ என்றும் சொல்வார்கள். அது படியெடுப்புக் காரணியே அல்ல. படியெடுத்த ஆர்.என்.ஏ.வை எங்கே வெட்டி எங்கே ஒட்டுவது என்று பார்த்துக்கொள்வது. விறைப்பு விறைப்பு என்று வாத்தியார் சொன்னாரே, அதில் பெரும்பங்கு சாலிமஸ் என்ற நீளப் புரதத்துக்கு. நம் தசையில் டைட்டின் என்ற புரதம் எப்படியோ அப்படி. கால் தசையில் அதன் நீளமான, இழுபடும் வடிவம் இருக்கும், பறக்கும் தசையில் குட்டையான, விறைப்பான வடிவம். மரபணு ஒன்றே, வெட்டி ஒட்டுவதில்தான் வித்தியாசம். அந்தக் கத்தரி அரெஸ்ட் கையில்.

மூன்றாவது, ஸ்பால்ட்டை வைத்து எந்தச் செல்லை வேண்டுமானாலும் பறக்கும் தசை ஆக்க முடியுமா? முடியாது. ஏற்கெனவே தசையாக இருப்பதைத்தான் வகை மாற்றுகிறது.

ஈக்கூட்டுக்காரன் (திங்கள், காலை 10:10)

தாசில்தார் என்பது கொஞ்சம் அநியாயம். கீழே இருக்கும் அரெஸ்ட்டை மட்டும் எடுத்துப் பாருங்கள், கால் தசை முழுசாக வருவதில்லை. வெட்டி ஒட்டும் வேலை தப்பி, நுண்ணிழைகள் அளவுக்கு மீறிச் சுருங்கி, தசை தன்னைத் தானே பிய்த்துக்கொள்கிறது. ஸ்பால்ட்டை எடுத்தாலோ ஒழுங்கான வேறொரு தசை கிடைக்கிறது. கெட்டுப்போவது வேறு, வகை மாறுவது வேறு.

என் ஓட்டு உறைமோருக்கு. ஒரு கரண்டி விட்டால் பால் தயிராகும். பாலை உண்டாக்கியது மோர் அல்ல, ஆனால் மோர் இல்லாமல் தயிர் இல்லை.

எதிர்க்கேள்வி (திங்கள், காலை 10:22)

உறைமோரைத் தண்ணீரில் விட்டால் ஒன்றும் ஆகாது. ஸ்பால்ட் அப்படி இல்லையே! கருவில் தலை, வால் பகுதிகளை அடையாளப்படுத்துகிறது. மூச்சுக்குழாயில் முதுகுப்பக்கப் பெருங்குழாய்க்கு வேண்டும். கண்ணில் உள்வரிசை ஒளியுணர் செல்களைத் தீர்மானிக்கிறது. சிறகில் நரம்புக்கோடு எங்கே ஓட வேண்டும் என்பதிலும் கை வைக்கிறது. ஒரே மோர், ஒரு பாத்திரத்தில் தயிர், இன்னொன்றில் ரசம், இன்னொன்றில் பாயசம். இது என்ன மோர்?

பழைய வாத்தியார் (திங்கள், மதியம் 1:15)

இன்னொரு பாத்திரமும் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டாம்பூச்சி சிறகில் கண் மாதிரி வட்டப் புள்ளி இருக்குமே, அது உருவாகும் இடத்திலும் ஸ்பால்ட். 2016இல் அந்த மரபணுவை வெட்டிப் பார்த்தபோது கண்புள்ளிகள் சிறுத்தோ மறைந்தோ போயின.

தலைமை மரபணு என்ற ஆசை எங்கிருந்து வந்தது என்றும் கயல் தெரிந்துகொள்ள வேண்டும். 1987இல் மயோடி. எலியின் இணைப்புத்திசுச் செல்லில் அந்த ஒன்றைப் புகுத்தினார்கள், செல் தசையாகிவிட்டது. 1995இல் சுவிட்சர்லாந்தில் கேரிங் குழு ஐலெஸ் மரபணுவை வைத்து ஈயின் காலிலும் சிறகிலும் கண் முளைக்க வைத்தது. அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் பித்துப் பிடித்தது, எனக்கும்தான். அந்த வருடம் பாடம் எடுத்த பிள்ளைகளிடம் கேளுங்கள்.

ஆனால் மயோடியின் ஈ வடிவம் நாட்டிலஸ் என்ன செய்கிறது? அது அடியோடு இல்லாத ஈக் கருவிலும் பெரும்பாலான தசைகள் வந்துவிடுகின்றன, சில தசைகளில் மட்டுமே கோளாறு வருகிறது. 1995இல் இன்னொரு மரபணு, மெஃப்2, இல்லாத கருக்களைப் பார்த்தார்கள். தசையாக வேண்டிய செல்கள் எல்லாம் பிறந்து, இடத்துக்கு வந்து, அதற்கு மேல் ஒன்றுமே செய்யாமல் நின்றன. ஒன்றோடொன்று இணையவும் இல்லை, சுருங்கும் புரதங்களும் வரவில்லை. நமக்கு மெஃப்2 நான்கு, ஈக்கு ஒன்றே ஒன்று. அதனால் ஈயில் விளைவு பளிச்சென்று தெரிந்தது. யாரைத் தலைவர் என்பீர்கள்? தசை ஆவதற்கு ஒருவர், எந்த வகைத் தசை என்பதற்கு வேறொருவர்.

கயல் (திங்கள், மாலை 4:44)

மெஃப்2 என்றதும் நினைவுக்கு வந்தது. இந்தத் தாளிலும் மெஃப்2-கேல்4 என்று அடிக்கடி வருகிறது. அப்படியென்றால் மெஃப்2வும் இதில் பங்காளியா?

ஈக்கூட்டுக்காரன் (திங்கள், மாலை 5:30)

அது இங்கே வெறும் வண்டி. மெஃப்2 எங்கெல்லாம் வேலை செய்யுமோ, அதாவது எல்லாத் தசையிலும், கேல்4 என்ற ஈஸ்ட் புரதத்தை உண்டாக்கி, அதை வைத்து ஆர்.என்.ஏ. குறுக்கீட்டை, அதாவது ஒரு மரபணுவின் ஆர்.என்.ஏ.வைச் சிதைத்து அதன் வேலையைக் குறைக்கும் முறையை, முடுக்குகிறார்கள். தசையில் மட்டும் ஸ்பால்ட் குறையும், மற்ற இடங்களில் அப்படியே இருக்கும். ஸ்பால்ட்டை உடம்பு முழுக்க எடுத்துவிட்டால் கருவிலேயே செத்துப்போகும், எங்கே தசை பார்ப்பது? இதே குழு 2010இல் இந்த முறையில் 10,461 மரபணுக்களைத் தசையில் ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்த்தது. ஸ்பால்ட் அகப்பட்டது அந்த வலையில்தான்.

அந்த மாதிரி வலை போடுவது எப்படி இருக்கும் என்று யாரும் எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன். பறக்கும் சோதனைக்கு ஒரு மீட்டர் உயரக் கண்ணாடி உருளை ஒன்று. மேலிருந்து குப்பியைத் தட்டி ஈக்களை உள்ளே கொட்ட வேண்டும். பறக்கத் தெரிந்தது சட்டென்று மேல்பக்கச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பலவீனமானது நடுவில் எங்காவது. பறக்கவே முடியாதது கல் மாதிரி நேரே அடியில் விழுந்து, ஒன்றும் நடக்காதது போல நடந்து போகும். ஒரு நாளைக்கு நாற்பது குப்பி தட்டினால் சோளமாவு, ஈஸ்ட் வாடை சட்டையை விட்டு இரண்டு நாள் போகாது.

நான் சேர்ந்த புதிதில் ஒரு மரபணுவைக் குறைத்து, ஒரு ஈ கூடப் பறக்கவில்லை என்று குதித்துக்கொண்டு மூத்தவரிடம் ஓடினேன். கட்டுப்பாட்டு ஈக்கள், அதாவது மரபணுவைக் குறைக்காத ஈக்கள், என்ன ஆயின என்று கேட்டார். போய்ப் பார்த்தால் அவையும் பறக்கவில்லை. ஆண் பெண் பிரிக்க அரை மணி நேரம் முன்புதான் கார்பன் டை ஆக்சைடு கொடுத்து மயக்கியிருந்தேன்! மயக்கம் தெளிந்து நடமாடினாலும் பறப்பது சீராக நேரமாகும். ஒரு நாள் விட்டுத்தான் சோதிக்க வேண்டும். மறுநாள் சோதித்தால் எல்லாம் ஜோராகப் பறந்தன, என் மரபணு உட்பட. அந்த மரபணுவின் பெயரை இன்றுவரை வீட்டில் கூடச் சொன்னதில்லை.

மோட்டார் மெக்கானிக் (திங்கள், இரவு 8:12)

இக்னிஷன் ஆஃப் செய்துவிட்டு இன்ஜின் கெட்டுப்போச்சு என்று கழற்றிய ஆட்கள் எங்கள் பக்கமும் உண்டு, கவலைப்படாதீர்கள்.

ஸ்பால்ட் என்றால் என்ன பொருள்?

பழைய வாத்தியார் (திங்கள், இரவு 8:40)

ஜெர்மன் சொல். பிளவு என்று பொருள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஈயின் ஒவ்வொரு பக்கத்திலும் உள்ள நீளவாக்குத் தசைகள் ஆறும் புதிதாக முளைப்பவை அல்ல. கூட்டுப்புழுப் பருவத்தில் புழுவின் தசைகள் பெரும்பாலும் கரைந்துபோகும்போது, மூன்று மட்டும் கரையாமல் நின்று, புதிய செல்கள் வந்து சேரச் சேர, ஒவ்வொன்றும் இரண்டாகப் பிளந்து ஆறாகின்றன. பெயருக்கும் இந்தப் பிளவுக்கும் சம்பந்தமே இல்லை, பெயர் கருவைப் பார்த்து வைத்தது. பரீட்சையில் யாராவது இரண்டையும் முடிச்சுப் போட்டால் மதிப்பெண் போகும்.

இந்த மூன்று ஆறாகும் கதையை 1991இல் விரிவாக எழுதியவர்களில் ஒருவர் கே. விஜயராகவன். பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் பல்லாண்டு இந்தத் தசைகளோடு வாழ்ந்தவர். பிற்பாடு ஒன்றிய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகராகவும் இருந்தார். 2001இல் அவர் குழுவும் இங்கிலாந்தில் ஹெலன் ஸ்கேர் குழுவும் சேர்ந்து இன்னொன்றைக் காட்டினார்கள். சிறகு வட்டில் (புழுவுக்குள் இருந்து பிற்பாடு சிறகாகும் திசு) உள்ள தசைமூலச் செல்களில் வெஸ்டிஜியல் உள்ளவை மறைமுகத் தசைக்குப் போகின்றன, கட் என்ற காரணி மிகுந்தவை சிறகோடு நேராக இணையும் தசைக்குப் போகின்றன. அதையும் செல்கள் தாமாக முடிவு செய்வதில்லை. மேலே உள்ள தோலடுக்கிலிருந்து விங்லெஸ் சமிக்ஞை வருகிறது. எதிர்க்கேள்வி சொன்ன "மேலே யார்" பட்டியலில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். தலைவரைத் தேடிப் போனால் கடைசியில் பக்கத்து வீட்டுத் தோல்!

வெண்கோட்டு (செவ்வாய், காலை 7:20)

குழந்தை மருத்துவர். ஈயைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் ஸ்பால்ட் என்றதும் நின்றேன். மனிதர்களில் இதன் சொந்தங்கள் சால்1 முதல் சால்4 வரை. சால்1இல் பிறழ்வு இருந்தால் டவுன்ஸ்-புரோக்ஸ் நோய்க்கூட்டம்: மலவாய் மூடியிருக்கும், காது மடல் வடிவம் மாறும், கட்டைவிரல் இரட்டையாகவோ மூன்று கணு கொண்டோ இருக்கும். சிறுநீரகமும் சில குழந்தைகளில் இதயமும் பாதிக்கும். காரணம் தெரிந்தது 1998இல்.

சால்4 இன்னும் பெரிய கதை. 1950களின் கடைசியிலும் 60களின் தொடக்கத்திலும் கர்ப்பிணிகள் உட்கொண்ட தாலிடோமைடு மாத்திரையால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறுகிப் பிறந்தார்கள். அந்த மருந்து செரப்லான் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சால்4ஐச் சிதைக்க வைக்கிறது என்று 2018இல்தான் தெரிந்தது. எலியின் சால்4இல் அந்த இடம் சற்று வேறாக இருப்பதால் எலியில் இது நடப்பதில்லை.

கயலுக்கு ஒரு எச்சரிக்கை: இவை தசை நோய்கள் அல்ல. "ஈயில் தசை, மனிதனிலும் தசை" என்று ஒரு ஸ்லைடு போட்டுவிடாதீர்கள்.

கயல் (செவ்வாய், காலை 7:58)

டாக்டர், அந்த ஸ்லைடு போட்டிருந்தேன். இப்போது நீக்கிவிட்டேன். தாளில் முதுகெலும்பிகளின் இதயம் பற்றி வருகிறதே, அதைச் சொல்லலாமா?

ஈக்கூட்டுக்காரன் (செவ்வாய், காலை 9:05)

ஊகம் என்று சொல்லிச் சொல்லலாம். இதயத் தசையும் இழுபட்டால் கூடுதல் விசையோடு சுருங்கும், அந்த ஒற்றுமை உண்மை. அதிலும் ஸ்பால்ட் குடும்பத்துக்குப் பங்கு இருக்கலாம் என்பது ஆசிரியர்களின் யோசனை, சோதித்த முடிவு அல்ல. ஆனால் வண்டு பற்றிய பகுதியை விட்டுவிடாதீர்கள். மாவில் வரும் சிவப்பு வண்டு டிரைபோலியத்திலும் ஸ்பால்ட்டைக் குறைத்துப் பார்த்தார்கள், அங்கும் பறக்கும் தசை குழல் தசையானது. ஈயும் வண்டும் பிரிந்து 280 மில்லியன் ஆண்டு. என்னைக் கேட்டால் இதயத்தை விட இது கனமான சான்று.

இன்னொன்றும் பாருங்கள். 2018இல் இதே வட்டாரத்திலிருந்து ஈலைஃப் இதழில் ஒரு நீண்ட தாள் வந்தது. தசை வளரும்போது மரபணுக்கள் வேலை செய்யும் பட்டியல் நடுவழியில் பெரிதாக மாறுகிறது. நுண்ணிழையில் திரும்பத் திரும்ப வரும் சுருங்கும் அலகான சார்கோமியர் 2 மைக்ரோமீட்டரிலிருந்து 3.2 வரை நீளும் காலமும் அதுதான். அந்த மாற்றத்துக்கும் ஸ்பால்ட் வேண்டியிருக்கிறது. தொடக்கத்தில் ஒரு தடவை தட்டிவிட்டு ஓய்வெடுக்கிற சுவிட்ச் என்றால் அதற்கு அப்புறம் என்ன வேலை?

எதிர்க்கேள்வி (செவ்வாய், காலை 9:40)

நேற்றுச் சண்டை போட்டவர் இன்று என் கட்சிக்கு வந்துவிட்டார். உறைமோரைக் கைவிட்டதற்கு நன்றி.

ஈக்கூட்டுக்காரன் (செவ்வாய், காலை 9:43)

கைவிடவில்லை. ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன்.

கயல் (செவ்வாய், இரவு 10:30)

தலைப்பை மாற்றிவிட்டேன்: "தசை ஆன பின் எந்த வகைத் தசை: பழ ஈயில் ஸ்பால்ட் மேஜரின் பங்கு." நீளம்தான், பரவாயில்லை. வெஸ்டிஜியல் மேலே, அரெஸ்ட் கீழே என்று ஒரு படமும் வரைந்தேன். வியாழன் முடிந்ததும் வந்து சொல்கிறேன்.

கயல் (வியாழன், மாலை 6:15)

முடிந்தது! யாரும் கிழிக்கவில்லை. ரம்பத்துக்குச் சிரித்தார்கள், கைடும் சிரித்தார்.

ஒரே ஒரு கேள்விதான் வந்தது, கடைசி வரிசையிலிருந்து. "பட்டாம்பூச்சியின் பறக்கும் தசை துடிப்புக்கு ஓர் அடி என்கிறாய். அப்படியென்றால் பட்டாம்பூச்சியில் இந்த மரபணு கிடையாதா?" ஒரு நொடி கை நடுங்கியது. அப்புறம் வாத்தியார் சார் எழுதியது ஞாபகம் வந்து, "இருக்கிறது சார், சிறகில் கண்புள்ளி போடுகிறது" என்றேன். தலையாட்டிவிட்டு, "தசையில் என்ன செய்கிறது?" என்றார். பார்த்துச் சொல்கிறேன் என்று இறங்கிவிட்டேன்.

சார், யாராவது பார்த்திருக்கிறார்களா?

பழைய வாத்தியார் (வியாழன், மாலை 6:50)

அதை நீ பார்க்கலாமே அம்மா. என் வீட்டு எலுமிச்சைச் செடியில் இப்போது எட்டுப் புழு இருக்கிறது, வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொண்டு போ.